பைலோரி இல்லை, அழற்சி இருக்கிறது: அரிய பாக்டீரியாக்களால் வரும் இரைப்பை அழற்சியைக் கண்டறியவும் குணப்படுத்தவும் ஒரு முழுமையான வழிகாட்டி

எண்டோஸ்கோப்பி முடிந்து சில நாள் கழித்துக் கைக்கு வரும் திசு ஆய்வு அறிக்கையில், ‘செயலில் உள்ள நாட்பட்ட இரைப்பை அழற்சி, ஹெலிகோபாக்டர் பைலோரி காணப்படவில்லை’ என்ற வரியைப் பலர் பார்த்திருப்பார்கள். கிருமி இல்லை என்ற பிற்பாதி மட்டுமே மனத்தில் தங்குவதால், ‘அப்படியானால் வெறும் ஆசிட்தான்’ என்று முடிவுகட்டி, பான்டோப்ரசோல் போன்ற மாத்திரையை மருந்துக்கடையில் மாதக்கணக்கில் வாங்கி விழுங்குவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அந்த வரியின் முற்பாதியைத்தான் நின்று படிக்க வேண்டும். ‘செயலில் உள்ள’ என்பதை நோய்க்குறியியல் மருத்துவர்கள் அலங்காரத்துக்காக எழுதுவதில்லை. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் இரைப்பையின் சளிச்சவ்வுக்குள் புகுந்திருக்கின்றன என்பதே அதன் பொருள். அவை பெரும்பாலும் ஏதோ ஒரு பாக்டீரியாவைத் துரத்திக்கொண்டுதான் அங்கே வந்து சேர்கின்றன. பைலோரி இல்லையென்றால் வேறு எது என்ற கேள்வி அந்த அறிக்கைக்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு விடை தேடும் வரிசையை இந்தக் கட்டுரை விளக்குகிறது. நோயாளிகளும் குடும்பத்தாரும் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்ல மறக்கக் கூடாது என்பதற்காகவே இது எழுதப்பட்டிருக்கிறது. மருந்தளவுகள் வருமிடங்களில் அவை சிகிச்சையைப் புரிந்துகொள்வதற்காகத் தரப்பட்டவை. தானே வாங்கிச் சாப்பிடுவதற்காக அல்ல.

பைலோரியின் நிழலில் மறைந்தவை

இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் குடியிருக்க முடியாது என்ற நம்பிக்கை 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவத்தை ஆண்டது. இத்தாலியின் தூரின் நகரில் பணியாற்றிய ஜூலியோ பிட்ஸோஸெரோ, நாயின் இரைப்பையில் சுருள் வடிவ உயிரிகளை 1890-களின் தொடக்கத்திலேயே கண்டு பதிவுசெய்திருந்தும் அது எவர் கவனத்திலும் நிலைக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் 1979-இல் மனித இரைப்பைத் திசுவில் வளைந்த பாக்டீரியாக்களைக் கவனித்தார். அவருடன் சேர்ந்த பாரி மார்ஷல் 1982-இல் அவற்றை ஆய்வகத்தில் வளர்த்தெடுத்தார். ஈஸ்டர் விடுமுறையில் வளர்ப்புத் தட்டுகள் வழக்கமான இரண்டு நாளுக்குப் பதிலாகக் கூடுதல் நாள்கள் அடைகாப்புப் பெட்டியில் கிடந்ததால்தான் இன்று பைலோரி எனப்படும் கிருமி கண்ணில் பட்டது. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து அழற்சியை வரவழைத்துக்கொண்டதும், 2005-இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்ததும் பரவலாக அறிந்த செய்திகள்.

அந்த வெற்றிக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. இரைப்பைக் கிருமி என்றாலே பைலோரி என்றாகிவிட்டது. இந்தியாவில் வயதுவந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் அது இருப்பதால், அதை முதலில் தேடுவது சரியானதே. அது இல்லை என்று தெரிந்ததும் தேடலையே நிறுத்திவிடுவதுதான் தவறு. பைலோரியின் உறவுக்காரக் கிருமிகளான ஹெய்ல்மன்னி குழு, சார்சினா என்னும் பொட்டலக் கிருமி, காசநோய்க் கிருமி, பாலுறவால் பரவும் சிஃபிலிஸ் நோயின் கிருமி, இரைப்பைச் சுவரையே சீழ் பிடிக்கவைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முதலியவை என ஐந்து வகைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் நம் வாசகர்களுக்கு அதிகம் பொருந்தக்கூடியவை என்பதால் அவற்றில் சற்றுக் கூடுதலாகத் தங்குவோம்.

எல்லாவற்றுக்கும் முன்: காத்திருக்கக் கூடாத நிலை

படிப்படியாக ஆராய அவகாசம் தராத ஒரு வடிவம் இருப்பதால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சீழ்பிடித்த இரைப்பை அழற்சியில் கிருமி சளிச்சவ்வின் மேற்பரப்பில் அல்லாமல் அதன் கீழடுக்கில் பரவி, சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் இரைப்பைச் சுவர் முழுவதையும் வீங்கவைத்துவிடும். மேல்வயிற்றில் கடும் வலி, குளிர்காய்ச்சல், ஓயாத வாந்தி, நாடித்துடிப்பு ஏறுதல், இரத்த அழுத்தம் இறங்குதல் ஆகியவை இதன் அடையாளங்கள். வாந்தியில் சீழே வருவது அரிதுதான். ஆனால் வந்துவிட்டால் வேறு நோயை நினைக்க வேண்டியதில்லை. பெரும்பாலான நோயாளிகளில் காணப்படுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ். ஸ்டெஃபிலோகாக்கஸ், ஈகோலை, க்ளெப்சியெல்லா போன்றவையும் காரணமாகலாம். மிகையாக மது அருந்துவோர், கட்டுப்படாத நீரிழிவு உள்ளோர், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோர், நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உட்கொள்வோர் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். அண்மையில் இரைப்பையில் திசு எடுக்கப்பட்டிருந்தால் அந்தச் சிறு காயம்கூட நுழைவாயிலாகியிருக்கிறது.

இந்த நிலையில் சிடி ஸ்கேன்தான் முதல் துணை. இரைப்பைச் சுவர் தடித்து, அதற்குள் நீர்மம் தேங்கிய கருமையான பகுதிகள் தெரியும். சுவருக்குள் காற்றுக் குமிழ்கள் தெரிந்தால் அது வாயு உண்டாக்கும் கிருமிகளின் வேலையாக இருக்கலாம். அந்த வடிவம் இன்னும் கொடியது. ஆனால் கடும் வாந்தியாலோ மூக்குவழிக் குழாய் உரசியதாலோ காற்று மட்டும் சுவருக்குள் புகுந்து, நோயாளி ஏறக்குறைய நலமாக இருப்பதும் உண்டு. அதற்கு அறுவை சிகிச்சை தேவையில்லை. ஆகவே படத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், ஆளையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். இரத்தத்தையும் இரைப்பை நீரையும் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, அதன் முடிவுக்குக் காத்திராமல் பரந்த வீச்சுள்ள ஆன்டிபயாட்டிக்கை இரத்தக் குழாய்வழியாகத் தொடங்குவார்கள். கிருமி எதுவென்று தெரிந்ததும் அதற்கேற்ற மருந்துக்கு மாற்றுவார்கள். சுவர் அழுகினாலோ துளை விழுந்தாலோ அறுவை சிகிச்சைதான் வழி. இத்தகைய அறிகுறிகளுடன் ஒருவர் துடிக்கும்போது வீட்டில் சீரகத் தண்ணீர் கொடுத்து விடியும்வரை பார்க்கலாம் என்பது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

படி 1: ‘இல்லை’ என்ற முடிவு உண்மையானதா?

அரிய கிருமியைத் தேடுவதற்கு முன், பைலோரி மெய்யாகவே இல்லையா என்பதை உறுதிசெய்ய வேண்டும். ஏனெனில் பைலோரி இல்லை என்று வரும் அறிக்கைகளுக்கு அரிய கிருமியைவிட அன்றாட மாத்திரையே பெரும்பாலும் காரணம். பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல், ரபெப்ரசோல் முதலியவற்றை உட்கொள்ளும்போது பைலோரியின் எண்ணிக்கை குறைந்து, அது இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து மேற்பகுதிக்கு நகர்ந்துவிடும். கீழ்ப்பகுதியில் மட்டும் திசு எடுத்தால் அகப்படாது. எனவே சோதனைக்கு முன் இந்த மாத்திரைகளை 2 வாரமும், ஆன்டிபயாட்டிக்குகளையும் பிஸ்மத் கலந்த மருந்துகளையும் 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்துவது மருத்துவரின் அனுமதியுடன்தான். இரத்தக் கசிவுள்ள புண் இருப்பவர் தாமாக நிறுத்தக் கூடாது. பல்வலிக்காகவும் சளிக்காகவும் விழுங்கிய ஆன்டிபயாட்டிக் யாருக்கும் நினைவிருப்பதில்லை என்பதால், கடந்த இரண்டு மாத மருந்துச் சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

அடுத்து, கிருமியே இல்லாத காரணங்களையும் ஒதுக்க வேண்டும். மூட்டுவலிக்காக நெடுநாள் உட்கொள்ளும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், ஆஸ்பிரின், பித்தநீர் மேலேறுதல், உடலின் எதிர்ப்பாற்றல் தன் இரைப்பையையே தாக்கும் நோய், குடலின் நாட்பட்ட அழற்சியான க்ரோன் நோய், எதிர்ப்பாற்றல் குன்றியவர்களில் சைட்டோமெகலோ வைரஸ் ஆகியவை அழற்சியை உண்டாக்க வல்லவை. இவற்றுள் வலி மாத்திரையைப் பற்றிப் பேசும்போது நோயாளிகள் பெரும்பாலும் ‘எப்போதாவது ஒன்றுதான்’ என்பார்கள். வாரத்துக்கு எத்தனை என்று எண்ணிச் சொல்லும்படி கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

படி 2: வாழ்க்கையை விசாரித்தல்

அரிய கிருமிகளைப் பொறுத்தவரை ஆய்வகத்துக்கு முன்னால் விசாரணைதான் வழிகாட்டி. வீட்டில் நாய், பூனை உண்டா, பன்றிப் பண்ணையிலோ கறிக்கடையிலோ வேலையா என்ற கேள்வி ஹெய்ல்மன்னி குழுவை நோக்கிச் செல்கிறது. நேற்றுச் சாப்பிட்ட சோறு இன்று செரிக்காமல் வாந்தியாக வருகிறதா, நெடுநாள் நீரிழிவு உண்டா, முன்பு இரைப்பையில் அறுவை சிகிச்சை நடந்ததா என்பவை இரைப்பை காலியாவது தாமதப்படுவதையும், அதன்வழியாகச் சார்சினாவையும் சுட்டுகின்றன. மாலையில் மெல்லிய காய்ச்சல், இரவு வியர்வை, எடைக்குறைவு, வீட்டில் யாருக்கேனும் காசநோய் இருந்த வரலாறு ஆகியவை இன்னொரு திசையைக் காட்டும். உடலில் அரிக்காத தடிப்புகள், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புள்ளிகள், பாதுகாப்பற்ற உடலுறவு ஆகியவை சிஃபிலிஸை நினைக்கவைக்கும். இந்தக் கடைசிக் கேள்வியைக் குடும்பத்தார் சூழ்ந்திருக்கும்போது கேட்டுப் பயனில்லை. மருத்துவர் தனியறையில் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் நோயாளியே தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லலாம்.

இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், விழுங்குவதில் தடை, காரணமில்லாத எடைக்குறைவு, இரத்தசோகை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் மூச்சுச் சோதனை, மலச் சோதனை என்று சுற்றிக்கொண்டிருக்காமல் நேராக எண்டோஸ்கோப்பிக்குப் போக வேண்டும்.

படி 3: எண்டோஸ்கோப்பியும் திசு எடுத்தலும்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதில்தான் நோய் கண்டுபிடிக்கப்படுகிறது அல்லது தவறவிடப்படுகிறது என்பது என் கருத்து. குழாயை உள்ளே விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்ற எண்ணம் பொதுமக்களிடம் உண்டு. உண்மையில் கண்ணுக்குத் தெரிவது சிவப்பும் வீக்கமும்தான். ஹெய்ல்மன்னி குழுவில் கீழ்ப்பகுதியின் சளிச்சவ்வு வெடிப்புக் கோடுகளுடன் வெளிறித் தெரிவதையும், கோழித்தோல் போலச் சிறு முடிச்சுகள் எழும்பியிருப்பதையும் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்திருக்கிறார்கள். எனினும் முற்றிலும் இயல்பாகத் தோன்றும் இரைப்பையிலும் கிருமி இருக்கலாம். காசநோய்ப் புண்ணும் சிஃபிலிஸ் புண்ணும் பார்வைக்குப் புற்றுநோயை அப்படியே ஒத்திருக்கும்.

ஆகவே திசு எடுத்தாக வேண்டும். சிட்னி முறை எனப்படும் ஒழுங்கின்படி, கீழ்ப்பகுதியில் இரண்டு, நடுப்பகுதியில் இரண்டு, இரண்டும் சந்திக்கும் மடிப்பில் ஒன்று என ஐந்து துணுக்குகள் எடுக்கப்பட வேண்டும். புண்ணோ முடிச்சோ இருந்தால் அதன் விளிம்பிலிருந்து தனியாக எடுக்க வேண்டும். ஹெய்ல்மன்னி குழுக் கிருமிகள் பைலோரியைப்போல எங்கும் அடர்ந்து பரவியிருப்பதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக இருப்பதால், ஒரே ஒரு துணுக்கை மட்டும் எடுத்துவிட்டுக் கிருமி இல்லை என்பது, கிணற்றில் ஒரு வாளி மொண்டு பார்த்துவிட்டு மீனே இல்லை என்பதற்குச் சமம். காசநோய் ஐயமிருந்தால் மேலோட்டமாகக் கிள்ளிய துணுக்கு உதவாது. நோய் கீழடுக்கில் இருப்பதால், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எடுத்து ஆழமாகச் செல்ல வேண்டும், அல்லது எண்டோஸ்கோப்பியுடன் இணைந்த அல்ட்ராசவுண்டின் துணையால் ஊசி செலுத்தி அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களிலிருந்து எடுக்க வேண்டும்.

பெரும்பாலும் மறக்கப்படும் ஒரு சிறு செயல் உண்டு. எல்லாத் துணுக்குகளையும் ஃபார்மலின் குப்பியில் போட்டுவிட்டால் நுண்ணோக்கி ஆய்வுக்கு அது சரி; ஆனால் கிருமியை வளர்க்கும் வாய்ப்பு அத்துடன் முடிந்துவிடுகிறது, ஏனெனில் ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். காசநோயையோ வேறு கிருமியையோ ஐயப்படும்போது இரண்டு துணுக்குகளைக் கிருமி நீக்கிய உப்புநீரில் தனிக் குப்பியில் போட்டு உடனே நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நோயாளி சோதனைக்கு முன்பே இதை மருத்துவரிடம் பணிவாகக் கேட்பதில் தவறேதும் இல்லை.

உடனே முடிவு சொல்லும் நிறமாற்றச் சோதனையான விரைவு யூரியேஸ் சோதனையையும் யூரியா மூச்சுச் சோதனையையும் பற்றி ஒரு சொல். இரண்டும் கிருமி சுரக்கும் யூரியேஸ் நொதியை அடிப்படையாகக் கொண்டவை. ஹெய்ல்மன்னி குழுவுக்கும் அந்த நொதி உண்டு என்றாலும், கிருமியின் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் சோதனை பெரும்பாலும் ‘இல்லை’ என்றே காட்டும். பைலோரியின் புரதத்தைக் குறிவைத்துத் தயாரிக்கப்பட்ட மலச் சோதனையும் அப்படியே. மூன்று சோதனைகளிலும் ‘இல்லை’ என்று வந்த ஒருவரின் இரைப்பையில் சுருள் கிருமி நெளிந்துகொண்டிருப்பது முற்றிலும் சாத்தியம்.

படி 4: நுண்ணோக்கியின் கீழ்

நோய்க்குறியியல் மருத்துவருக்கு அனுப்பும் சீட்டில் ‘இரைப்பைத் துணுக்கு, அழற்சி’ என்று மட்டும் எழுதினால், அவரும் வழக்கமான ஹெமடாக்சிலின்–ஈயோசின் சாயத்தில் பைலோரியைத் தேடி முடித்துவிடுவார். ‘வீட்டில் மூன்று பூனைகள், பைலோரிச் சோதனைகளில் இல்லை, அறிகுறிகள் தொடர்கின்றன’ என்று ஒரு வரி சேர்ந்தால், ஜீம்சா சாயமோ வார்த்தின்–ஸ்டாரி வெள்ளிச் சாயமோ போட்டு, குழிகளின் ஆழத்திலும் சளிப்படலத்துக்குள்ளும் நேரம் செலவிட்டுப் பார்ப்பார். இந்த ஒரு வரியின் மதிப்பு, விலையுயர்ந்த பல சோதனைகளின் மதிப்பைவிடப் பெரிது.

வடிவங்கள் கண்டுபிடிக்க எளிதானவை. பைலோரி சற்று வளைந்த குச்சி போலச் செல்களின் மேற்பரப்பை ஒட்டிக் கிடக்கும். ஹெய்ல்மன்னி குழு அதைவிட நீளமாக, ஏறக்குறைய 5 முதல் 10 மைக்ரான்வரை, இறுக்கமாகச் சுற்றிய ஸ்பிரிங்கைப்போல் நான்கு முதல் எட்டுச் சுற்றுகளுடன், செல்லில் ஒட்டாமல் சளியில் மிதந்துகொண்டிருக்கும். இந்தக் குழுவுக்குள் பன்றியிலிருந்து வரும் ஹெலிகோபாக்டர் சுயிஸ், நாய் பூனையிலிருந்து வரும் ஃபெலிஸ், பிட்ஸோஸெரோனி, சலோமோனிஸ் முதலிய பல இனங்கள் அடங்கும்; அவற்றைப் பிரித்தறிய பிசிஆர் சோதனை வேண்டும். சுயிஸ் இனத்தை மனித இரைப்பையிலிருந்து வளர்த்தெடுக்கும் முயற்சி ஜப்பானில் 2021-இல்தான் கைகூடியது என்பதிலிருந்து இவற்றை வளர்ப்பது எவ்வளவு கடினம் என்பது விளங்கும். சிகிச்சைக்கு இனப்பெயர் கட்டாயமில்லை என்பது ஆறுதல்.

சார்சினா முற்றிலும் வேறு. எடின்பரோவில் ஜான் குட்சர் 1842-இல் ஒரு நோயாளியின் வாந்தியில் முதன்முதலாகக் கண்ட இந்தக் கிருமி, நான்கு நான்காகவும் எட்டு எட்டாகவும் ஒட்டி, கயிறு கட்டிய பொட்டலம்போல் காட்சியளிக்கும். லத்தீனில் அந்தச் சொல்லுக்குக் கட்டு, மூட்டை என்றே பொருள். பார்த்தவர் மறக்க முடியாத வடிவம் இது. காசநோயில் தேடப்படுவது கிருமியை விடவும் அது விட்டுச்சென்ற தடயம்: செல்கள் திரண்ட கிரானுலோமாக்களும் அவற்றின் நடுவே பாலாடைக்கட்டிபோல் சிதைந்த பகுதியும். ஜீல்–நீல்சன் சாயத்தில் கிருமி தெரியவில்லை என்பதால் காசநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது; இரைப்பைத் திசுவில் கிருமிகள் மிகச் சிலவே இருக்கும். சிபிநாட் என்னும் மரபணுச் சோதனை சில மணி நேரத்தில் முடிவைத் தருவதோடு, ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத கிருமியா என்பதையும் காட்டும்; திரவ ஊடகத்தில் வளர்ப்புச் சோதனைக்கு ஆறு வாரம்வரை ஆகலாம்.

படி 5: கிருமிக்கேற்ற சிகிச்சை

ஹெய்ல்மன்னி குழு

இந்தக் குழுவுக்கெனப் பெரிய அளவில் நடத்தப்பட்ட ஒப்பீட்டு ஆய்வுகள் இல்லாததால், பைலோரிக்கு உரிய மருந்துக் கூட்டுகளையே மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அவை பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கின்றன. அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை நாளுக்கு இருமுறை, அமாக்சிசிலின் 1 கிராம் இருமுறை, க்ளாரித்ரோமைசின் 500 மி.கி. இருமுறை என 14 நாள் என்பது ஒரு கூட்டு. க்ளாரித்ரோமைசினை முன்பு உட்கொண்டவர்களுக்கும் பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அமிலம் குறைக்கும் மாத்திரையோடு பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் சேர்ந்த நான்கு மருந்துக் கூட்டு 14 நாள் தரப்படுகிறது. கூட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நோயாளி தம் வாழ்நாளில் எந்தெந்த ஆன்டிபயாட்டிக்கை எத்தனை முறை சாப்பிட்டார் என்பதே முக்கியமான தகவலாகிறது.

மாத்திரைகள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் ஐந்தாம் ஆறாம் நாளில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்படிப் பாதியில் நிறுத்துவது, தொடங்காமலே இருந்ததைவிடத் தீங்கானது. தப்பிப் பிழைத்த கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவையைத் தரும், அதை உட்கொள்ளும் நாள்களில் மது கூடாது. பிஸ்மத் மலத்தைக் கறுப்பாக்கும். அதை இரத்தக் கசிவென்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை என்றாலும், கறுப்போடு தலைச்சுற்றலும் சேர்ந்தால் காட்டிவிட வேண்டும். டெட்ராசைக்ளினைப் பாலுடன் உட்கொண்டால் உடலில் சேராது. கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அது உகந்ததல்ல. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் போன்றவற்றை உட்கொள்வோர் க்ளாரித்ரோமைசின் தொடங்கும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் தசைகள் சிதையும் ஆபத்து உண்டு.

செல்லப்பிராணியை என்ன செய்வது என்று கேட்பவர்கள் பலர். நாய்களிலும் பூனைகளிலும் இக்கிருமிகள் மிகப் பரவலாகவும் பெரும்பாலும் தீங்கின்றியும் வாழ்வதால், பிராணியை வீட்டைவிட்டு அனுப்பச் சொல்வதற்கு அடிப்படை இல்லை. முகத்தையும் வாயையும் நக்கவிடாமல் இருப்பது, உணவுக்கு முன் கைகழுவுவது, அதன் தட்டைத் தனியாக வைப்பது போதும். சிகிச்சைக்குப் பின் மீண்டும் மீண்டும் தொற்று வந்தால் மட்டும் கால்நடை மருத்துவரைக் கலந்துகொள்ளலாம். பன்றி இறைச்சியை நன்றாக வேகவைக்க வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சார்சினா

இந்தக் கிருமி நோய்க்குக் காரணமா, காலியாகாத இரைப்பையில் வந்து தங்கிய விருந்தாளியா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மெட்ரோனிடசோலும் சிப்ரோஃப்ளாக்சசினும் ஓரிரு வாரங்களும், அவற்றோடு அமிலம் குறைக்கும் மாத்திரையும் தருவது வழக்கம். ஆனால் இரைப்பை காலியாகாத காரணத்தைத் திருத்தாமல் கிருமியை மட்டும் அழித்தால் அது திரும்பி வரும். இரைப்பை சிறுகுடலோடு சேரும் வாயிலில் அடைப்பு உண்டா என்று பார்ப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, சிறு சிறு உணவாக மென்மையாகச் சாப்பிடுவது ஆகியவையே உண்மையான சிகிச்சை. வயிறு உப்பிக் கடும் வலி வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சுவரில் காற்றுப் புகுந்ததும் துளை விழுந்ததும் பதிவாகியிருக்கின்றன.

காசநோய்

அமிலம், நிணநீர்த் திசுவின் குறைவு, உணவு விரைவில் கடந்துசெல்வது ஆகியவை காரணமாக இரைப்பை காசநோய்க்கு எளிதில் இடந்தருவதில்லை. வயிற்றுக் காசநோய் பெரும்பாலும் சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில்தான் தங்குகிறது. இருந்தும் இந்தியாவைப்போல் காசநோய் மிகுந்த நாட்டில், இரைப்பையின் வெளிவாசல் அடைபட்டு வாந்தியோடு வருபவரைப் புற்றுநோய் என்று கருதி அறுவை சிகிச்சை செய்த பிறகு திசுவில் காசநோய் தெரியவந்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் ஏராளம். அத்தகைய அறுவை சிகிச்சைகளில் பலவற்றைப் படி 3-இல் சொன்ன ஆழமான திசு ஆய்வு தவிர்த்திருக்கும்.

சிகிச்சை நுரையீரல் காசநோய்க்கு உரியதே. முதல் 2 மாதம் ஐசோநியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்ப்யூட்டால் ஆகிய நான்கும், அடுத்த 4 மாதம் பைரசினமைட் நீங்கலாக மூன்றும், உடல் எடைக்கேற்பத் தினமும் உட்கொள்ள வேண்டும். தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. தனியார் மருத்துவமனையில் கண்டறியப்பட்டவரும் அரசின் காசநோய்ப் பதிவு இணையதளமான நிக்ஷய் தளத்தில் பதிவுசெய்யப்பட வேண்டும், சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேரும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது ரிஃபாம்பிசினின் இயல்பு. கண் மஞ்சளாவது இயல்பல்ல, அது கல்லீரல் பாதிப்பின் அடையாளம், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடைப்பு மருந்தால் தளரவில்லையென்றால் பலூன் கொண்டு விரிப்பார்கள். அதுவும் பயன்தராதபோதுதான் அறுவை சிகிச்சை. மருத்துவமனையில் படுத்தே தீர வேண்டும் என்ற அச்சம் தேவையில்லை. காசநோயாளிக்கு வீட்டிலிருந்தபடியே சிகிச்சை அளித்துக் குணப்படுத்தலாம் என்பதை உலகுக்கு முதலில் மெய்ப்பித்துக் காட்டியது, 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம்தான். இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

சிஃபிலிஸ்

இரத்தத்தில் விடிஆர்எல் சோதனையும், சிஃபிலிஸ் கிருமியான ட்ரெப்போனிமாவையே குறிவைத்து அதை உறுதிப்படுத்தும் சோதனையும் செய்ய வேண்டும். எச்ஐவி சோதனையும் உடன் செய்வது முறை. பென்சத்தைன் பென்சிலின் 24 இலட்சம் யூனிட் ஊசி, தொற்றி ஓராண்டுக்குள் என்றால் ஒருமுறையும், அதற்கு மேல் அல்லது காலம் தெரியாதபோது வாரம் ஒன்றாக மூன்று முறையும் போடப்படும். முதல் ஊசிக்குப் பின் ஒருநாள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். கிருமிகள் கூட்டமாக மடிவதால் வருவது அது, ஒவ்வாமை அன்று. துணைவருக்கும் சோதனை அவசியம்.

படி 6: குணமானதை எப்படி உறுதிசெய்வது

வலி நின்றதை வைத்துக் கிருமி போய்விட்டது என்று சொல்ல முடியாது. அமிலம் குறைக்கும் மாத்திரை மட்டுமே வலியை நிறுத்தியிருக்கலாம். பைலோரிக்கு, சிகிச்சை முடிந்து 4 வாரத்துக்குப் பின் மூச்சுச் சோதனை செய்தால் போதும். ஹெய்ல்மன்னி குழுவில் அந்தச் சோதனை தொடக்கத்திலேயே ‘இல்லை’ என்று காட்டியிருப்பதால், முடிவிலும் அது சொல்வதை நம்ப வழியில்லை. ஆகையால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மீண்டும் எண்டோஸ்கோப்பி செய்து, முன்பு எடுத்த அதே இடங்களில் திசு எடுத்து, அதே சாயங்களில் பார்க்க வேண்டும். இரண்டாவது எண்டோஸ்கோப்பி என்றதும் செலவையும் சிரமத்தையும் எண்ணித் தயங்குவது இயல்பே. ஆனால் இந்தக் குழுவில் மால்ட் லிம்ஃபோமா என்னும் நிணநீர்த் திசுப் புற்றுநோய் உருவாவது பைலோரியைவிடச் சற்றுக் கூடுதலாகவே பதிவாகியிருப்பதால், அந்தத் தயக்கத்தைக் கடந்தாக வேண்டும். தொடக்க நிலையிலுள்ள அத்தகைய லிம்ஃபோமா, கிருமியை அழித்ததுமே பல நோயாளிகளில் கதிர்வீச்சும் வேதிச்சிகிச்சையும் இல்லாமல் மறைந்துவிடுகிறது. அது முழுமையாக மறையப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகலாம் என்பதால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி தொடரும்.

காசநோயில் இரண்டாம் மாத முடிவில் எடை ஏறுகிறதா, வாந்தி நின்றதா என்று பார்க்கப்படும். புண் ஆறியதை எண்டோஸ்கோப்பியில் பார்த்துக்கொள்வார்கள். சிஃபிலிஸில் விடிஆர்எல் அளவு 6, 12 மாதங்களில் நான்கில் ஒன்றாகவோ அதற்கும் கீழாகவோ இறங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. திசு ஆய்வு முடிந்ததும் துணுக்குகள் மெழுகுக் கட்டியில் பதிக்கப்பட்டு ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பாதுகாக்கப்படுகின்றன. இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க விரும்பினால் மீண்டும் குழாயை விழுங்க வேண்டியதில்லை. அந்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் எழுத்துமூலம் கேட்டுப் பெற்று, பெரிய மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறையில் கொடுத்தால், விட்டுப்போன வெள்ளிச் சாயத்தையோ பிசிஆர் சோதனையையோ அதிலேயே செய்துகொள்ள முடியும். அறிக்கைத் தாளின் தலைப்பில் இருக்கும் பயாப்சி எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், சில ஆண்டு கழித்துக் கேட்டாலும் அதை வைத்துத்தான் தேடி எடுப்பார்கள்.